தோரோவின் வரவு செலவு

பாஸ்டனின் நார்த் ஸ்டேஷனில் ஃபிட்ச்பர்க் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கான்கார்டு வந்துவிடுகிறது. லிங்கன் நிலையத்தைத் தாண்டிச் சற்று நேரத்தில் மரங்களுக்கு நடுவே தண்ணீர் பளிச்சிட்டு மறைந்தது. அதுதான் வால்டன் குளம். பெட்டியில் ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலைக்குப் போய்வருகிறவர்களின் புறநகர் ரயில் அது. அவர்களுக்கு அந்தக் குளம் பழகிப்போன காட்சி.

காட்டில் தனியே வாழ்ந்தவர் என்று உலகம் அறிந்த ஹென்றி டேவிட் தோரோவின் குளத்தை ஒட்டி இப்படி ரயில் ஓடுவது பிற்காலத்து ஆக்கிரமிப்பு என்று தோன்றும். உண்மை வேறு. கான்கார்டுக்கு ரயில் வந்தது 1844இல். தோரோ குளக்கரைக்குக் குடிபோனது 1845 ஜூலை 4 அன்று. எஞ்சின் கூவுவது காதில் விழும் இடம் என்று தெரிந்தேதான் போனார். ஊருக்குப் போய்வருவதற்கு ரயில்பாதையின் கரையையே நடைபாதையாக வைத்துக்கொண்டார்.

இதே ரயிலை வைத்து ‘வால்டன்’ நூலில் அவர் ஒரு கணக்குப் போடுகிறார். முப்பது மைல் தள்ளியிருந்த ஃபிட்ச்பர்க்குக்கு அப்போது டிக்கெட் 90 சென்ட். இதே பாதையில் வேலை செய்த கூலியாளுக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் சம்பளம். நடந்து போகிறவன் காலையில் கிளம்பி இரவுக்குள் போய்ச் சேர்ந்துவிடுவான். ரயிலில் போக நினைப்பவனோ டிக்கெட் காசுக்காகப் பகலெல்லாம் உழைத்த பிறகுதான் ஏற முடியும். அப்படியானால் முந்திப் போகிறவன் யார் என்று கேட்கிறார். மாதத் தவணை கட்டுவதற்காக வேலைக்குப் போய், வேலைக்குப் போவதற்காகக் கார் வைத்திருக்கும் இந்தக் காலத்தில் அந்தக் கேள்வியின் கூர் மழுங்கவில்லை. இன்னும் ஏறித்தான் இருக்கிறது.

தோரோவைத் துறவி, இயற்கைக் காதலர், தனிமை விரும்பி என்றெல்லாம் சொல்லிச் சொல்லி வளர்த்த ஒரு படம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் படத்தில் எனக்கு எப்போதும் முழு நம்பிக்கை இருந்ததில்லை. கான்கார்டில் நடந்த பிறகு அது அடியோடு போய்விட்டது. பென்சில் தயாரித்த வீட்டில் வளர்ந்து, நிலம் அளந்து பிழைத்த மனிதர் அவர். எதையும் அளந்து பார்த்து, எழுதி வைத்து, கூட்டிப் பார்க்காமல் விடமாட்டார். அவருடைய சிந்தனை முழுவதும் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. இன்றைக்கும் அவர் நமக்குத் தேவைப்படுவதும் அதற்காகத்தான்.

கான்கார்டு நிலையம் இருக்கும் தெருவுக்கே தோரோ தெரு என்று பெயர். அங்கிருந்து வால்டன் தெரு வழியாகக் குளத்துக்கு ஒன்றரை மைல். ஊர் எல்லையில் இரண்டாம் எண் நெடுஞ்சாலை குறுக்கிடுகிறது. வண்டிகள் சீறிப் பாயும் அந்தச் சாலையைச் சிக்னலில் நின்று கடந்தால் மறுபுறம் பைன் மரங்களும் ஓக் மரங்களும் தொடங்கிவிடுகின்றன. அக்டோபர் நடுவில் போனதால் மேப்பிள் இலைகள் செந்தணலாக இருந்தன. இவ்வளவு பக்கத்தில் ஊரை வைத்துக்கொண்டு காட்டில் வாழ்ந்தேன் என்று எழுதிவிட்டாரே எனக் குறை சொல்பவர்கள் உண்டு. ஊரை விட்டு ஓடிப்போனதாக அவர் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாகத்தான் அந்த நூலையே தொடங்குகிறார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசும் குரல் அது.

வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி அவருடைய வீட்டின் மாதிரியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். 10 அடி அகலம், 15 அடி நீளம். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அடுப்பு, மூன்று நாற்காலிகள். கையை நீட்டினால் எல்லாம் எட்டிவிடும். என்னுடன் உள்ளே வந்த ஒரு பள்ளிக்கூடப் பையன் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே எத்தனை அடி என்று பாதம் வைத்து அளந்துகொண்டிருந்தான். தோரோ பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வீடு கட்ட ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். அதை ஒவ்வோர் இனமாக நூலில் பட்டியல் போட்டிருக்கிறார். பலகைக்கு 8 டாலர் 3½ சென்ட். கண்ணாடியோடு இரண்டு பழைய ஜன்னல்கள் 2 டாலர் 43 சென்ட். ஆயிரம் பழைய செங்கல் 4 டாலர். ஆணிக்கு 3 டாலர் 90 சென்ட். சுண்ணாம்புக்கு எதிரே விலை அதிகம் என்றும், பூச்சுக்கு வாங்கிய முடிக்கு எதிரே தேவைக்கு மேல் வாங்கிவிட்டேன் என்றும் குறிப்பு. சாக்கட்டிக்கு 1 சென்ட். அதையும் விடவில்லை. ஹார்வர்டு மாணவர் இதைவிடச் சற்றே பெரிய அறைக்கு ஆண்டுக்கு 30 டாலர் வாடகை கொடுக்கிறார் என்று பக்கத்திலேயே எழுதுகிறார். ஓராண்டு வாடகையை விடக் குறைந்த தொகையில் சொந்த வீடு.

இலக்கியத்தில் இத்தகைய பட்டியலுக்கு என்ன இடம் என்று அன்றைய வாசகர்கள் திகைத்திருக்கலாம். ஆனால் நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விலையை அவர் டாலரோடு நிறுத்துவதில்லை. அந்த டாலரைச் சம்பாதிக்க ஆயுளில் எவ்வளவு கரைந்தது என்று கேட்கிறார். ஆண்டில் ஆறு வாரம் உழைத்தால் தன் செலவுக்குப் போதும், மீதி நாளெல்லாம் படிக்கவும் எழுதவும் நடக்கவும் கிடைக்கும் என்பது அவர் கண்ட விடை. அந்த ஆறு வாரம் எல்லோருக்கும் பொருந்தாது. குழந்தை குட்டி உள்ளவர்களுக்கு நிச்சயம் பொருந்தாது. விடையை விட்டுவிடலாம், கணக்குப் போடும் முறையை விடக் கூடாது.

அவருடைய கணக்கில் விடுபட்ட இனங்களும் உண்டு. பலகைக்காக அவர் ஒரு குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்தார். ரயில்பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ்காரரின் வீடு அது. காலை ஆறு மணிக்கு அந்தக் குடும்பம் தன் உடைமை முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வெளியேறுவதைத் தோரோ பார்க்கிறார், எழுதுகிறார். அவர்கள் எங்கே போனார்கள் என்பது எழுதப்படவில்லை. ஏழை ஐரிஷ்காரர்களைப் பற்றி அந்த நூலில் வரும் சில வரிகளில் ஏளனம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. சாப்பாடு, துணி எல்லாவற்றுக்கும் செலவு எழுதியவர், வெளுப்பும் தையலும் பெரும்பாலும் வெளியே ஆயின, அதற்கான பில் இன்னும் வரவில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். அம்மாவும் சகோதரிகளும் செய்த வேலைக்கு எந்த வீட்டில் பில் வந்திருக்கிறது?

அந்தப் பெண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கான்கார்டில் 1837இல் பெண்கள் கூடி அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் தொடங்கினார்கள். தோரோவின் தாய் சிந்தியாவும் சகோதரிகள் ஹெலனும் சோஃபியாவும் அதில் இருந்தார்கள். அந்த வீட்டின் அரசியல் அவர்களிடமிருந்து வந்தது.

குளத்தின் வட கரையில் ஒரு சிறு விரிகுடா. அதற்கு மேலே சரிவில்தான் அசல் வீடு இருந்தது. இடம் மறந்துபோய், 1945இல் ரோலண்ட் ராபின்ஸ் என்பவர் தோண்டிப் பார்த்துப் புகைபோக்கியின் அடித்தளத்தைக் கண்டெடுத்தார். இப்போது அங்கே கருங்கல் தூண்கள் நட்டு வீட்டின் அளவைக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கற்குவியல். தோரோவின் நண்பர் பிரான்சன் ஆல்காட் 1872இல் தொடங்கி வைத்தது. வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் போடுகிறார்கள்.

குளம் தெளிந்து கிடந்தது. அந்தக் குளிரிலும் இரண்டு பேர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீந்திக்கொண்டிருந்தார்கள். பனியுகத்தின் முடிவில் பின்வாங்கிய பனிப்பாறை விட்டுச்சென்ற பள்ளம் இது. பெரிதாக ஓடை எதுவும் வந்து சேர்வதில்லை. நிலத்தடி நீர்தான் ஆதாரம். வால்டனுக்கு அடியே கிடையாது என்று ஊரில் பலர் நம்பினார்கள். 1846இன் தொடக்கத்தில், உறைபனி உருகுவதற்கு முன், தோரோ மீன்பிடிக் கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி இறக்கிக் குளம் முழுவதையும் அளந்தார். மிக ஆழமான இடம் 102 அடி. பிற்காலக் கருவிகளும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் சொல்கின்றன. அடியில்லாக் குளம் என்று நம்பிக்கொண்டு யாருமே சரியாக அளந்து பார்க்கவில்லை என்பதுதான் அவரை உறுத்தியது.

இந்தத் தண்ணீருக்குச் சென்னையோடும் ஓர் உறவு உண்டு. 1846-47 குளிர்காலத்தில் நூறு கூலியாட்கள் வந்து வால்டனில் பனிக்கட்டி வெட்டினார்கள். பாஸ்டனின் ஃபிரெடெரிக் டியூடர் தொடங்கிய பனிக்கட்டி வணிகம் அப்போது உச்சத்தில் இருந்தது. மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் மதராசுக்கும் அனுப்பினார்கள். மதராஸ் கடற்கரையில் 1842இல் அதற்கென்றே எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். வெயிலில் தவிக்கும் மதராஸ்வாசிகள் தன் கிணற்று நீரைக் குடிப்பதாகத் தோரோ கற்பனை செய்கிறார். காலையில் கீதை படித்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகும்போது வால்டனும் கங்கையும் ஒன்று கலப்பதாக எழுதுகிறார். அழகான கற்பனை. அதற்குப் பக்கத்திலேயே மெய்யான கணக்கையும் வைத்திருக்கிறார்: அந்த ஆண்டு குவித்த 10,000 டன்னில் ஒரு பகுதிதான் வெளியே போனது. மீதி வைக்கோல் மூடிக் கரையிலேயே கிடந்து 1848 செப்டம்பர் வரை கொஞ்சம் கொஞ்சமாக உருகியது. பெரும்பகுதி நீர் குளத்துக்கே திரும்பியது.

ஊருக்குத் திரும்பும் வழியில் பிரிஸ்டர் மேடு. வணிகமும் விவசாயமும் செழித்த கான்கார்டில் அடிமைகளும் இருந்தார்கள் என்பதை அமெரிக்கர்களே வெகுகாலம் மறந்திருந்தார்கள். விடுதலை பெற்ற பிறகு அவர்கள் ஒதுங்க இடம் கிடைத்தது வால்டன் காட்டின் மட்டமான மண்ணில்தான். பிரிஸ்டர் ஃப்ரீமன், வால்நட் மரங்களை வளர்த்த கேட்டோ இங்கிரஹாம், நூல் நூற்றுப் பிழைத்த ஜில்ஃபா. இந்தப் பெயர்களைத் தேடிக் கேட்டு நூலில் ஓர் அத்தியாயம் எழுதி வைத்தவர் தோரோ. கான்கார்டு நிலைத்து நிற்க, இந்தச் சிற்றூர் மட்டும் ஏன் அழிந்தது என்று கேட்கிறார். இன்று நெடுஞ்சாலை இரைச்சலுக்கு நடுவே அந்த மேட்டில் நிற்கும்போது, வீட்டுக் கூரையும் இல்லாமல் நிலவறைப் பள்ளங்களாக எஞ்சிய குடும்பங்களுக்கு அந்த அத்தியாயம் ஒன்றே கல்வெட்டாக இருந்திருக்கிறது என்று புரிகிறது.

ஊர் நடுவில் பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் மட்டும் இருக்கிறது. 1846 ஜூலையில், செப்பனிடக் கொடுத்த செருப்பை வாங்க ஊருக்குள் வந்த தோரோவைச் சாம் ஸ்டேபிள்ஸ் என்ற அதிகாரி பிடித்து இங்கே அடைத்தார். சில ஆண்டுகளாகத் தலைவரி கட்டவில்லை என்பது குற்றம். அடிமைமுறையைக் காக்கும் அரசுக்கு, மெக்சிகோ மீது படையெடுத்த அரசுக்குத் தன் காசு போகக் கூடாது என்பது அவர் நிலை. நண்பர் ஆல்காட்டும் மூன்றாண்டுகளுக்கு முன் இதே காரணத்துக்காகக் கைதானவர். அன்றிரவே யாரோ வரியைக் கட்டிவிட்டார்கள், மறுநாள் காலை வெளியே அனுப்பிவிட்டார்கள். தோரோ நேராகப் போய்ச் செருப்பை வாங்கிக்கொண்டு, ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு பழம் பறிக்கப் போனார்.

ஒரே இரவு. இதற்கு இவ்வளவு பெருமையா என்று கேட்கலாம். அந்த இரவை வைத்துப் பிறகு அவர் ஒரு கட்டுரை எழுதினார். நான் அந்தக் கட்டுரையில் நின்றுபோகும் இடம் வேறு. சாலை வரியை ஒருபோதும் மறுத்ததில்லை என்று அதில் சொல்கிறார். அந்தச் சாலையில் பக்கத்து வீட்டுக்காரர் நடக்கிறார், அதைக் கட்டுவது கடமை. வரியே கூடாது என்பவரல்ல அவர். இந்தக் காசு எந்த வேலைக்குப் போகிறது என்று இனம் பிரித்துப் பார்த்து, இதற்கு உண்டு, இதற்கு இல்லை என்றவர். ஆணிக்கும் சுண்ணாம்புக்கும் கணக்கு எழுதிய அதே கை. தப்பி வந்த அடிமைகளுக்கு வீட்டில் இடம் கொடுத்து, ரயில் டிக்கெட் வாங்கிக் கனடாவுக்கு ஏற்றி அனுப்பியதும் அதே கைதான்.

அந்தக் கட்டுரை 1849இல் வெளியானது. 1907இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி தன் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் அதை அறிமுகப்படுத்தினார். தோரோவிடமிருந்துதான் காந்தி சத்தியாகிரகத்தை எடுத்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. காந்தியே 1935இல் ஒரு கடிதத்தில் இதை மறுத்திருக்கிறார். அந்தக் கட்டுரை கைக்கு வருவதற்கு முன்பே போராட்டம் வெகுதூரம் போயிருந்தது. கிடைத்தபோது துணையாக நின்றது, அவ்வளவுதான். எனக்கு வேறொரு பொருத்தம் கண்ணில் படுகிறது. நேட்டாலில் ஒப்பந்தக் காலம் முடிந்தும் தங்கிய இந்தியர்கள் மீது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி இருந்தது. மனிதராக அங்கே இருப்பதற்காகவே கட்ட வேண்டிய வரி. 1913இல் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைத் தேடிப் போய் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அந்த ஆண்டே வரி ஒழிந்தது. அவர்களில் பெரும்பாலோர் தோரோவின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கான்கார்டில் ஒருவர் எழுதிய நியாயத்தை அவர்கள் உயிரைக் கொடுத்து நடத்திக் காட்டினார்கள்.

ஸ்லீப்பி ஹாலோ இடுகாட்டில் எழுத்தாளர்களுக்கென்று ஒரு மேடு இருக்கிறது. எமர்சனுக்குச் செதுக்காத பெரிய குவார்ட்ஸ் பாறை. குளக்கரை நிலம் அவருடையதுதான், நண்பருக்குக் குடியிருக்கக் கொடுத்தார். தோரோவின் கல் முழங்காலுக்கும் எட்டாது. ஹென்றி என்ற பெயர் மட்டும். அதன் அடியில் வாசகர்கள் வைத்துவிட்டுப் போன பென்சில்கள் சாய்ந்து கிடந்தன. சில கூர் சீவாதவை. கிராஃபைட்டில் களிமண்ணைச் சரியான அளவில் கலக்கும் முறையைக் கண்டு தந்தை ஜானின் பென்சிலை நாட்டிலேயே சிறந்ததாக்கியவர் இவர். முதல் நூல் 1,000 பிரதி அச்சாகி 706 விற்காமல் 1853இல் வீடு திரும்பியபோது, பதிப்பாளருக்கான கடனை நிலம் அளந்தும் பென்சில் செய்தும் அடைத்தார். 1862 மே 6 அன்று காசநோயில் இறந்தபோது வயது 44.

கடைசிப் பத்தாண்டுகளில் அவர் எழுதிய குறிப்புகள்தான் இன்று விஞ்ஞானிகளுக்குப் பெருஞ்செல்வமாகிவிட்டன. கான்கார்டைச் சுற்றி நூற்றுக்கணக்கான செடிகள் எந்தத் தேதியில் முதல் பூ விட்டன, வால்டனில் உறைபனி எப்போது உடைந்தது என்று 1850களில் ஆண்டுதோறும் குறித்து வைத்தார். எதற்கு என்று அவருக்கே முழுதாகத் தெரிந்திருக்காது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரிமாக்கும் அவருடைய குழுவினரும் அந்தத் தேதிகளை எடுத்துக்கொண்டு அதே காடுகளில் நடந்தார்கள். கான்கார்டின் சராசரி வெப்பநிலை நூறாண்டுகளில் 2.4 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது. பல செடிகள் முன்னதாகவே பூக்கின்றன. தோரோ பார்த்த செடியினங்களில் 27 சதவீதம் அங்கே இல்லாமல் போய்விட்டன, இன்னொரு 36 சதவீதம் விரல்விட்டு எண்ணும் நிலையில் இருக்கின்றன என்று 2008இல் வெளியிட்டார்கள். பருவத்துக்கேற்பப் பூக்கும் காலத்தை மாற்றிக்கொள்ள முடியாத இனங்களே அதிகம் அழிந்திருக்கின்றன. ஒரு தனிமனிதர் நோட்டில் எழுதிய தேதிகள் இல்லாமல் இந்த இழப்பை யாரும் எண்ணிச் சொல்லியிருக்க முடியாது.

‘வால்டன்’ நூலைக் கையில் எடுப்பவர்கள் பலர் நீளமான முதல் அத்தியாயத்திலேயே களைத்துப்போய் மூடிவிடுகிறார்கள். அந்தச் செலவுப் பட்டியல்களைத் தாண்டிப் போகாதீர்கள், பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். பிறகு ஒரே ஒரு மாதம், உங்கள் செலவுகளை ரூபாயில் எழுதாமல், அந்த ரூபாயைச் சம்பாதிக்க ஆன மணி நேரங்களில் எழுதிப் பாருங்கள். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், உங்கள் தெருவில் நிற்கும் வேம்போ கொன்றையோ இந்த ஆண்டு எந்தத் தேதியில் முதல் பூ விட்டது என்றும் குறித்து வையுங்கள்.